மூலத்தில் இல்லாத தங்கை

உலர்ந்த அத்திப்பழம் ஒன்றை நீட்டியபடி திரெபியுஸ் நடுத்தெருவில் நிற்கிறார். எதிரே இரண்டு பேர். ஒருவன் கழுதைக்காரன். மற்றவன் மதுச்சாடி சுமக்கிறவன். கழுதை சாடியை இடித்துவிட்டது. சற்று முன்புதான் ஒருவன் குரல்வளையை இன்னொருவன் பிடிக்கப் போனான். இப்போது இருவரும் சண்டையை மறந்து இந்தப் பெரியவரைப் பார்க்கிறார்கள்.

"தம்பி, கோவிச்சுக்காதே. இப்ப அவனைப் பாத்து ஒண்ணு கேட்டியே, அதை இன்னொரு தடவை கேளேன்."

"எதை?"

"கழுதையைப் பத்தி."

சாடிக்காரனுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. கோபத்தில் வந்த வார்த்தையைக் கோபமில்லாமல் எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு முனகுகிறான். "உங்க ரெண்டு பேர்ல யாரு யாரை ஓட்டிக்கிட்டு வர்றீங்கன்னு கேட்டேன்."

"ஆகா. இந்தா, உனக்குத்தான்." அத்திப்பழம் கை மாறுகிறது. மெழுகுப் பலகையில் எதையோ கீறிக்கொண்டு திரெபியுஸ் நகர்கிறார்.

"யோவ் பெரியவரே! திட்டு வாங்கினவன் நானு. எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கழுதைக்காரன் கத்துகிறான்.

அவர் நின்று யோசிக்கிறார். திரும்பி வந்து அவன் கையிலும் ஒரு பழம் வைக்கிறார். "நியாயந்தான்யா. வாங்கிக்க ஆளில்லேன்னா திட்டு ஏது?"

விழா நாட்களில் ரோமாபுரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறதே, அந்த நாடகங்களை எழுதுகிறவர் இவர்தான். 'எண்ணெய்ச் சாடி' இவருடையது. 'ஊமைச் சமையல்காரன்' இவருடையது. சந்தைத் திடலில் வம்புச் சண்டை போடுகிற பெண்கள் வீசுகிற வசவுகளில் பாதி இவர் நாடகத்தில் வந்தவை. மீதிப் பாதியை இவர் அவர்களிடமிருந்து அத்திப்பழம் கொடுத்து வாங்கியிருக்கிறார். எது யாருடையது என்று இனிமேல் பிரிக்க முடியாது.

நான் நாடகக் குழுக்களுக்கு உடையும் பொய்முடியும் வாடகைக்குக் கொடுக்கிறவன். அதனால் இவரைப் பக்கத்திலிருந்து பார்க்கிற பாக்கியம், அல்லது பாரம், எனக்கு வாய்த்தது. அவர் சிரித்தால் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். வாய் திறக்கும், கண்ணில் நீர் வரும், சத்தம் வராது. சின்ன வயதில் துணி வெளுக்கும் பட்டறையில் அடிமையாக இருந்தவர். தொட்டிகளில் நாற்றமெடுத்த காரநீரில் நின்று மிதித்து மிதித்து இரண்டு பாதங்களும் வெடித்து வெளுத்துப் போயிருக்கின்றன. ஒத்திகை பார்க்க வந்தால் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் கேட்பார். காலை அதில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். நடிகன் வசனத்தைத் தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். தண்ணீரை லேசாகக் கலக்குவார். அவ்வளவுதான். அந்தச் சளப்புச் சத்தத்துக்கு நடிகர்கள் சாட்டையைவிட அதிகமாகப் பயப்படுவார்கள்.

விடுதலை கொடுத்த பட்டறை எஜமான் நல்லவர் என்றே சொல்வார். "என்னை அடிக்கிறப்ப நான் ஏதாச்சும் சொல்லுவேன். அவரு சிரிச்சிருவாரு. சிரிச்சா கை தளர்ந்து போகும். அப்படித்தான் எனக்கு இந்தத் தொழில் வந்துச்சு." இதைச் சொல்லும்போதும் கொட்டாவிதான்.

எங்கள் ஊரில் நாடகம் எழுதுவது என்றால் கிரேக்க நாடகத்தை நம் பேச்சுக்குத் திருப்புவது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். திரெபியுஸும் அதைத்தான் செய்கிறார். "கிரேக்கன் போட்டுக் கழிச்ச அங்கி. உள்பக்கத்தை வெளிப்பக்கமாத் திருப்பித் தைக்கிறேன். கிழிசல் தெரியாம இருந்தாச் சரி." ஆனால் தைக்கும்போது இவர் தன் துணி ஒன்றைச் சேர்த்துவிடுவார். எப்போதும் ஒரே துணி. எப்போதும் ஒரே இடத்தில். கடைசி அங்கத்தில்.

கதை எதுவாகவும் இருக்கட்டும். கஞ்சன் கதை, பொய் மாப்பிள்ளை கதை, இரட்டையர் கதை. கடைசி அங்கத்தில் ஒரு பெண் வருவாள். அவள் இடது கணுக்காலில் ஒரு தீத்தழும்பு இருக்கும். தாதி ஒருத்தி அதைப் பார்த்துத் தாலாட்டின் இரண்டு அடியைப் பாடுவாள். லத்தீன் அல்ல, தெற்கத்தி மலைக்காரர்களின் பாஷை. பிறகு அண்ணன் ஒருவன் ஓடி வந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். நாடகத்தில் எல்லோருக்கும் கிரேக்கப் பெயர் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் விபியா என்ற மலையூர்ப் பெயர். அண்ணன் பெயர் பாகிஸ். தழும்பு தீட்டுகிற சிவப்புச் சாயம் என் கடையிலிருந்துதான் போகும். ஒவ்வொரு விழாவுக்கும் அதே சாயம், அதே கணுக்கால். எனக்கு முதலில் இது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது.

ஒருமுறை, கிரேக்கம் கரைத்துக் குடித்த ஒரு கனவான் ஒத்திகைக்கு வந்திருந்தார். அந்த வருஷத்து விழாவை நடத்திய அதிகாரிக்கு மைத்துனர். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"என்னய்யா இது? நான் மூலத்தைப் படிச்சிருக்கேன். மூலத்தில் தங்கையே கிடையாதே?"

திரெபியுஸ் சட்டியிலிருந்து ஒரு காலை எடுத்தார். துடைத்தார். மெதுவாகச் சொன்னார்.

"மூலத்துல இல்லீங்க. எனக்கு இருந்தா."

அந்தக் கனவானுக்கு அது புரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயக் குடுவையைத் திருப்பி வாங்கப் போகிற சாக்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார். கதை சொல்கிற குரல் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற குரல்.

கார்த்தேஜ்காரன் யானைகளோடு வந்து போன பெரும் போரில் தெற்கே லூக்கானிய மலையூர்கள் பல அவன் பக்கம் சாய்ந்தன. போர் திரும்பியதும் நம் படைகள் அந்த ஊர்களுக்குக் கணக்குத் தீர்க்கப் போயின. திரெபியுஸின் ஊரும் அதில் ஒன்று. அப்போது அவர் பெயர் பாகிஸ். தங்கை விபியாவுக்குப் பால் பல் விழ ஆரம்பித்திருந்த வயது. போரில் பிடித்தவர்களைத் தலையில் மாலை சூட்டித்தானே விற்பார்கள்? இரண்டு பேருக்கும் சூட்டினார்கள். விபியா அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாளாம். "அண்ணா, என் மாலைதான் பெருசு" என்றாளாம். பச்சை முக்காடு போட்ட ஒரு அம்மாள் அவளை வாங்கிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் ரோமாபுரிப் பேச்சுப் பேசினாள். அவ்வளவுதான் தெரியும்.

திருவிழாவில் ஊரே மாலை சூடியிருக்கும்போது இந்த மனிதர் மட்டும் வெறுந்தலையோடு ஏன் திரிகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

விடுதலையான புதிதில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். கணுக்காலில் தழும்புள்ள அடிமைப் பெண் யாராவது இருக்கிறாளா என்று வாசலில் நிற்கிறவனை யார் உள்ளே விடுவார்கள்? நாயை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. இந்த ஊரில் எஜமான், எஜமானி, அவர்கள் பின்னால் நிற்கிற அடிமைகள் எல்லோரும் ஒரே குரலைக் கேட்கிற இடம் ஒன்றுதான் உண்டு. நாடகம் போடுகிற இடம்.

"நான் கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. திரெபியுஸ்னு பேரு போட்டா அவளுக்கு யாருன்னு தெரியாது. பாகிஸ்னு ஒருத்தன் விபியான்னு கூப்பிட்டான்னா தெரியும். அம்மா பாட்டு தெரியும். கூழ்ப் பானை கவுந்து கால் வெந்தப்ப ராப்பூரா பாடினாங்க. மறந்திருக்க மாட்டா."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சாயக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு ஆசையோடு எழுதுகிற கடைசி அங்கத்தை ஜனங்கள் கேட்டதே இல்லை. அதுதான் இந்த மனிதரின் தலையெழுத்து. 'எண்ணெய்ச் சாடி' போட்டபோது நாலாவது அங்கத்தோடு ஆலங்கட்டி மழை. 'ஊமைச் சமையல்காரன்' முடிகிற நேரத்துக்குக் கீழ்த்தெருவில் ஒரு பணக்காரரின் சவ ஊர்வலம் போயிற்று. செத்தவர் பேரில் இறைச்சி பங்கு போடுகிறார்கள் என்று எவனோ கத்தினான். கூட்டம் எழுந்து ஓடிவிட்டது. இன்னொரு வருஷம் வேட்டைக்குக் கொண்டுவந்த கரடி கூண்டை விட்டு வெளியே வந்தது. ஒன்றும் நடக்காத வருஷத்திலோ, சிரிப்பு முடிந்துவிட்டது, இனி அழுகைதான் என்று மோப்பம் பிடித்து ஜனங்களே எழுந்து போய்விடுவார்கள்.

குழுத் தலைவன் ஹெரெனியுஸுக்கு அந்த அங்கத்தைக் கண்டாலே ஆகாது. தொண்டை பெரிது, மனசு அவ்வளவு மோசமில்லை.

"யோவ் திரெபி, அதை வெட்டித் தொலையேன்யா. நாலாவதோட கல்யாணத்தை முடிச்சு அனுப்பிருவோம். சனங்களுக்குப் பசிக்குதுல்ல?"

"அது இருக்கட்டும்."

"எவன்யா கேக்குறான் அதை?"

"ஒருத்தி கேட்டாப் போதும்."

இந்தச் சித்திரை வெயிலில், மகா அன்னை விழாவுக்கு 'இரவல் மாமனார்' எழுதிக் கொண்டுவந்தபோது, மனிதர் ஒரு தந்திரம் செய்திருந்தார். கல்யாணத்துக்கு மாமனார் இல்லையென்று ஒரு அடிமை தெருவில் போகிற ஒருவரை மாமனாராக இரவல் வாங்குகிறான். அந்த இரவல் கிழவர் உண்மையில் யார்? இந்த முடிச்சை நாலாவது அங்கத்தில் அவிழ்க்காமல் இறுக்கிக் கட்டி, கடைசி அங்கத்துக்குத் தள்ளிவிட்டார். தங்கையைக் கண்டுபிடிக்கிற இடத்தில்தான் அது அவிழும். இரவல் மாமனார் யாரென்று தெரியாமல் ஒரு பயலும் வீட்டுக்குப் போக மாட்டான். "ஒரே ஒரு தடவை உக்காந்து கேட்டுட்டாங்கன்னா போதும். அப்புறம் நான் எழுதவே வேணாம்னு இருக்கேன். அலுத்துப் போச்சுய்யா" என்றார் என்னிடம்.

இங்கே குழல்காரன் லூசிபோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறொருவருடைய அடிமை. குழுவுக்கு வாடகைக்கு வருகிறவன். தடித்த கழுத்து, எப்போதும் பூண்டு வாசனை. இரட்டைக் குழலை வாயில் வைத்தால் மட்டும் தேவதை. முந்தைய ஒரு விழாவில் பாதி ஆட்டத்தில் அவன் குழலின் நாணல் நாக்கு வெடித்துவிட்டது. பூசை விழாவில் குழல் பாதியில் நின்றால் என்ன ஆகும்? பிசகு. அன்னை ஏற்கவில்லை என்று அர்த்தம். விழா முழுவதையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். ஜனங்களுக்குக் கொண்டாட்டம், நாடகக் குழுக்களுக்கு இன்னொரு மேடை. பிசகு செய்தவனுக்குத்தான் சாட்டை. அன்று வாங்கிய அடியில் லூசிபோரின் வலது கை தோளுக்கு மேலே போகாமல் நின்றுவிட்டது. இன்னொரு பிசகு என்றால் திரிகைக் கொட்டடிக்கு விற்றுவிடுவேன் என்று அவன் எஜமான் சத்தியம் செய்திருக்கிறார். மாவு அரைக்கிற அந்தக் கொட்டடிக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

விழாவின் கடைசி நாள். மலைமேல் இருக்கிற அன்னை கோயிலின் படிக்கட்டு, அதன் முன்னால் பலகை இருக்கைகள், எல்லாம் நிறைந்து வழிந்தன. முன்வரிசையில் சபைப் பெரியவர்கள். பின்னால் நிற்கிற கூட்டத்தில் குடை பிடிக்கிற அடிமைகள், கைக்குழந்தை ஏந்திய தாதிகள், எஜமானியின் விசிறியை வைத்திருக்கிற பெண்கள். திரெபியுஸ் மேடைக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்து அந்தப் பின்வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது அங்கம் முடிந்தது. ஒருவர்கூட எழவில்லை. "அந்தக் கெழவன் யாருடா?" என்று கூட்டம் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டது. வழக்கம்போல லூசிபோர் மட்டும் மேடையில் நின்று, நடிகர்கள் உடை மாற்றும்வரை இடைவேளைக் குழல் வாசித்தான். தழும்பு தீட்டிய காலோடு விபியா வேஷக்காரன் தயாராக நின்றான். திரெபியுஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உக்காந்திருக்காங்கய்யா" என்றார். "எல்லாரும் உக்காந்திருக்காங்க."

அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"நெருப்பு! மாட்டுச் சந்தைப் பக்கம் நெருப்பு!"

எண்ணெய்க் கிடங்குகள் இருக்கிற பக்கம். மரவீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற பக்கம். கோயில் படியிலிருந்தே புகை தெரிந்தது. அடுத்த கணம் அந்த மலையே சரிந்து கீழே ஓடுகிற மாதிரி இருந்தது. பிள்ளையைத் தேடி ஓடுகிறவர்கள், பெட்டியைத் தேடி ஓடுகிறவர்கள், விழா அதிகாரி, அவருடைய ஆட்கள். விசிறிப் பெண்கள், தாதிகள், எல்லோரும். நடிகர்களும் வேஷத்தோடு ஓடினார்கள், மாமனார் வேஷக்காரன் மட்டும் அங்கியை வீசிவிட்டு. விபியா வேஷக்காரன் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தச் சிவப்புத் தழும்பு கடைசியாகக் கண்ணில் பட்டு மறைந்தது.

ஹெரெனியுஸின் வீடும் சந்தைப் பக்கம்தான். ஓடுகிற ஓட்டத்தில் நின்று திரெபியுஸின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"யோவ், இதுல உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்குய்யா! புரியுதா? மேடைக்கு ஆள் வரலே. குழல் தன்னால நிக்கும். நின்னாப் பிசகு. விழா முழுசும் திரும்ப! அன்னிக்கு ஊரே வரும், இரவல் மாமனார் யாருன்னு கேக்க ஊரே வரும். உன் கடைசி அங்கத்தை உசுரைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பானுங்க! நீ பேசாம உக்காரு. நான் போயி என் பொண்டாட்டியப் பாக்கறேன்."

போய்விட்டான். உடைப் பெட்டிகளை விட்டுவிட்டு ஓட முடியாமல் நானும், ஓடக் கால் இல்லாமல் திரெபியுஸும் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

மேடையில் குழல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருக்கைகளில் பாதாம் தோலும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. பின்வரிசையில் ஒரு குடிகாரன் அண்ணாந்து தூங்கினான். மேடையோரத்தில் கோயில் பெரியவர் ஒருவர் மட்டும் தன் முக்காலியில் அசையாமல் இருந்தார். பூசையில் பிசகு பார்ப்பது அவர் வேலை. தடியால் ஒரு தடவை தரையைத் தட்டினால் பிசகு. ஊர் எரிந்தாலும் அவர் எழக் கூடாது. லூசிபோர் அந்தத் தடியைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். கன்னங்கள் உப்பி, கண்கள் பிதுங்கி, கதவைப் பார்ப்பதும் தடியைப் பார்ப்பதுமாக.

திரெபியுஸ் உடைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

நான் சொன்னேன், "பேசாம இரும். எவ்வளவு நேரம் மூச்சுத் தாங்கும்? இப்ப நின்னுரும்."

அவர் கதவிடுக்கு வழியாகக் குழல்காரனையே பார்த்தார்.

"ஊரே வரும்யா. பின்வரிசை பூரா வரும். நீரு இத்தனை வருஷமாக் கேட்டது இதுதானே?"

"இதுதான்" என்றார்.

குழலில் ஒரு பிசிறு விழுந்தது. லூசிபோர் எப்படியோ அதைச் சமாளித்து அடுத்த சுரத்துக்குத் தாவினான். தடி லேசாக உயர்ந்து மீண்டும் தாழ்ந்தது. திரெபியுஸின் முகத்தை அப்போது பார்த்தேன். அதில் வீரமும் இல்லை, தியாகமும் இல்லை. நாள் முழுக்கத் துணி மிதித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவனை "இன்னொரு தொட்டி இருக்கு" என்று கூப்பிட்டால் எப்படி இருப்பான்? அப்படி இருந்தது.

"இவனைத் திரிகைக்கு வித்துட்டா, அப்புறம் எங்கன்னு போயித் தேடுறது?" என்றார். என்னிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அந்த மாமனார் அங்கியை எடு" என்றார்.

"நீர் முடிச்சுட்டா முடிஞ்சது முடிஞ்சதுதான்! பிசகு கிடையாது. மறுபடி போட மாட்டாங்க. போட்டு முடிச்ச நாடகத்தை இனி எவனும் வாங்க மாட்டான். யோசிச்சுப் பாரும்!"

"யோசிச்சாச்சு. எடுய்யா."

எடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு அந்த வெடித்த பாதங்களோடு மேடைக்கு வந்தார். லூசிபோரின் கண்களில் நீர் பொலபொலவென்று வழிந்தது. வாய் குழலை விடவில்லை. ராகம் மட்டும் மாறியது. கடைசி அங்கத்தின் ராகம்.

எழுதினவருக்கு வசனம் தெரியாதா? எல்லா வேஷமும் அவரே போட்டார். இரவல் மாமனாராக இந்த ஓரத்தில் பேசிவிட்டு, நொண்டி நொண்டி அந்த ஓரத்துக்குப் போய் அடிமையாகப் பதில் சொன்னார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்புக்கு இடம்விட்டு நின்றார். காற்றுதான் வந்தது. புகை வாசனை வந்தது. பிறகு தாதியாகக் குனிந்து, இல்லாத ஒரு காலைக் கையில் ஏந்தி, இல்லாத ஒரு தழும்பைத் தடவி, அந்த மலைப்பாஷைத் தாலாட்டைப் பாடினார். ஒத்திகையில் நடிகர்கள் பாடும்போது கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், புரியாத பாஷை என்று. அன்றுதான் அதைச் சிரிப்பில்லாமல் முழுசாகக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

பிறகு அண்ணனாக எழுந்து நின்றார். பாகிஸ் கூப்பிட வேண்டிய இடம்.

"விபியா!"

காலியான பின்வரிசையைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். தொண்டை கிழிகிற மாதிரி, மலைக்கு மலை ஆள் கூப்பிடுகிற மாதிரி. குடிகாரன் புரண்டு படுத்தான். அவ்வளவுதான்.

முடிச்சு அவிழ்ந்தது. இரவல் மாமனார் யாரென்று எனக்கும், லூசிபோருக்கும், கோயில் பெரியவருக்கும் மட்டும் தெரிந்தது. திரெபியுஸ் மேடையின் நடுவுக்கு வந்து, நாடகம் முடிந்ததும் சொல்கிற வழக்கமான வார்த்தையைச் சொன்னார்.

"நல்லா இருங்க. கை தட்டுங்க."

யார் தட்டுவது? லூசிபோர் கடைசிச் சுரத்தைப் பிடித்தபடி நின்றான். முகம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. திரெபியுஸ் கோயில் பெரியவரைப் பார்த்தார்.

"முடிஞ்சுதுங்களே, சாமி. அவனை விடச் சொல்லுங்க."

"முடியலே" என்றார் அவர். கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன், அவர் கண்ணும் லூசிபோர் மேல்தான் இருந்தது. "கை தட்டல் விழாம குழல் இறங்கக் கூடாது. சனங்க ஏத்துக்கிட்டாங்கன்னு அன்னைக்குத் தெரிய வேண்டாமா? நான் தட்டக் கூடாது. மேடைக்காரங்க தட்டினாச் செல்லாது. சனத்துல யாராச்சும் ஒருத்தர் தட்டணும்."

உடைக்காரன் நானும் மேடைக்காரன்தான். குடிகாரனை எழுப்ப ஓடினேன். உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். அவன் என்னை யாரோ பெண் என்று நினைத்து அணைத்துக்கொண்டான். பின்னால் குழல் சுரம் மெலிந்து நூலாகிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன்.

திரெபியுஸ் மாமனார் அங்கியைக் கழற்றி மேடைப் பலகையின் மேல் மடித்து வைத்திருந்தார். ஒரு கையால் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து இறங்கினார். பாதாம் தோல்களை மிதித்துக்கொண்டு நடந்து முன்வரிசைக்கு வந்தார். சபைப் பெரியவர்களின் பலகையில் உட்கார்ந்து, ஜனங்களில் ஒருவராக மேடையை அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கி, தட்ட ஆரம்பித்தார்.